எங்கள் தலைக்கு வந்த வேண்டுதல்

புதிதாக அட்டெண்டர் வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி உங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்ட் கேட்டார். எழுதிப் பழக்கமில்லை. எட்டாவதோடு நின்றவன். ஆனால் தலை நரைத்தது கல்லூரியில்தான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

டீயை யாருக்கு முதலில் வைப்பது, கதவை எப்படித் தட்டுவது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். அதைச் சொல்லப்போவதில்லை. பிரின்சிபால் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருகிறவனுக்குக் கதவு மூடினாலும் காது மூடாது. கேட்டதை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் இந்த வேலையில் கஷ்டம். நான் ஓய்வு பெறும்வரை உள்ளேயே வைத்திருந்தேன். நீங்கள் சேர்ந்திருப்பது வேறு கல்லூரி. நான் இருந்த இடத்தில் இப்போது அந்த ஆட்கள் இல்லை. ஒன்றை மட்டும் எடுத்து வைக்கிறேன்.

எங்கள் கல்லூரி திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகும் ரோட்டில் இருந்தது. மொட்டை மாடியில் நின்றால் மலையும் கோபுரமும் தெரியும். தாளாளர் அதற்குமுன் அரிசி மில் நடத்தியவர். நல்ல மனிதர். மில்லில் மோட்டார் சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கல்லூரியில் சத்தம் கேட்டால் வகுப்பில் வாத்தியார் இல்லை என்று அர்த்தம். இந்த வித்தியாசம் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஒவ்வொரு ஜூன் மாதமும் பாதி வாத்தியார்கள் போய்விடுவார்கள். திருவள்ளூர் பக்கம் சிலர், திருப்பதி பக்கம் சிலர். ஏன் போகிறார்கள் என்று அவர்களையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்துக் கேட்டார்கள்.

வந்தவர் மோட்டிவேஷன் பயிற்சியாளர். சட்டையில் மைக் மாட்டியிருந்தார். ஊழியர் எல்லாரையும் ஆடிட்டோரியத்தில் உட்காரவைத்து, அவரவர் முதுகில் அவரவரே தட்டிக்கொள்ளச் சொன்னார். கை எட்டாதவர்கள் பக்கத்து ஆளைத் தட்டினார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கல்லூரியைத் தாயாக நினைக்கச் சொன்னார். பிசிக்ஸ் சார் தூங்கிவிட்டார். "பாருங்க, எவ்வளவு ஆழமா உள்ள போயிட்டாரு" என்று பயிற்சியாளர் அவரை எல்லாருக்கும் காட்டினார். கைதட்டல் சத்தத்தில் பிசிக்ஸ் சார் விழித்துக்கொண்டு, எதற்கு என்று தெரியாமல் கும்பிட்டார்.

கடைசியில் பயிற்சியாளர் ஒன்று சொன்னார். "கமிட்மென்ட் மனசுக்குள்ள இருந்தா பத்தாது. பாக்கறவங்க கண்ணுக்குத் தெரியணும்."

தாளாளர் முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு நாள் அவர் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

கண்ணுக்குத் தெரியவைக்கும் பொறுப்பு ஏ.ஓ.விடம் வந்தது. நிர்வாக அலுவலரைத்தான் ஏ.ஓ. என்போம். அவர் தாளாளரின் மனைவிக்குத் தம்பி. நகரி பக்கத்து ஆள். தாளாளரைத் தெலுங்கு முறையில் "பாவா" என்பார். எங்களை "ஏய்" என்பார். முதல் வேலையாகக் கைரேகை மெஷின் வாங்கி வாசலில் மாட்டினார். விரல் வைத்தால் பச்சை விளக்கு எரியும், எரிந்தால் ஆள் வந்ததாகக் கணக்கு.

மெஷினுக்கு எல்லா விரலும் பிடித்தது, சாமுவேல் சார் விரலைத் தவிர. அவர் கெமிஸ்ட்ரி. வருஷக்கணக்காக ஆசிட்டில் புழங்கிய விரல். ரேகை தேய்ந்துவிட்டது. மணவூரிலிருந்து ரயிலில் வந்து, எல்லாருக்கும் முன்னால் கல்லூரிக்குள் நுழைகிற ஆள் அவர். சாயங்காலம் பெயிலான பிள்ளைகளை உட்காரவைத்து, ரயிலுக்கு நேரமாகிற வரையில் சொல்லிக்கொடுப்பார். மெஷின் கணக்கில் அவர் மாதம் முழுக்க வரவேயில்லை. காமர்ஸ் எச்.ஓ.டி. காலையில் விரல் வைத்துவிட்டுப் பின் கேட் வழியாகப் போவார். சாயங்காலம் பின் கேட் வழியாக வந்து விரல் வைப்பார். அவருக்கு மெஷின் இரண்டு வேளையும் பச்சை விளக்குக் காட்டும்.

"இன்னா சார், நீ வர்றதே மெஷினுக்குத் தெரியலியே?" என்று ஏ.ஓ. கேட்டார்.

"பசங்களுக்குத் தெரியும் சார்" என்றார் சாமுவேல் சார்.

ஏ.ஓ.வுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. சாமுவேல் சாருக்கு நிரந்தர ஆர்டர் வரவேண்டியிருந்தது. பிரின்சிபால் அம்மா பரிந்துரைத்து அனுப்பியது ஏ.ஓ. மேஜையில் கிடந்தது. கிடந்துகொண்டே இருந்தது. சாரின் அம்மா மணவூரில் படுத்த படுக்கை. மற்றவர்களைப்போல வேறு ஊர் பார்த்துப் போக அவரால் முடியாது. அது ஏ.ஓ.வுக்கும் தெரியும்.

இந்த நிலையில் கல்லூரிகளுக்குத் தரம் போடும் ஆய்வுக் குழு வந்து போனது. சில மாதம் கழித்து நல்ல கிரேடு கிடைத்ததாகச் செய்தி வந்தது. தாளாளர் பிரின்சிபால் அறைக்கு ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது. நான் தண்ணீர் கொண்டுபோனேன்.

பிரின்சிபால் அம்மாவைப்பற்றி ஒரு வார்த்தை. பெயர் வேண்டாம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யோசிக்கவேண்டி வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணாடி எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும்.

"மேடம், நான் நம்ம முருகன்கிட்ட வேண்டிக்கினேன். கிரேடு வந்தா மொட்டைன்னு" என்றார் தாளாளர்.

"ரொம்ப சந்தோஷம் சார். என்னிக்கு மலைக்குப் போறீங்க?"

"நான் இல்லம்மா. ஸ்டாஃபு."

அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு மொட்டை அடிச்சா சைனஸ் புடிச்சிக்கும். அதான் ஸ்டாஃபு எல்லாரும் மொட்டை போடுவாங்கன்னு வேண்டிக்கினேன். ஆம்பளைங்க மொட்டை, பொம்பளைங்க பூமுடி குடுத்தா போதும்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"இன்னாத்துக்கு? எல்லாம் என் பிள்ளைங்கம்மா. பிள்ளைங்களுக்காக அப்பன் வேண்டிக்கறது வழக்கம்தானே?"

அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "வழக்கம்தான் சார்" என்றார்.  எனக்குக்கூட அன்று அவர்மேல் வருத்தம். மறுத்துச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். இந்த வேலையில் முதலாளி முன்னால் மறுத்துச் சொல்கிறவரைப் பார்ப்பீர்கள். தலையாட்டுகிறவரைப் பார்ப்பீர்கள். இரண்டும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறவரைக் கவனியுங்கள். அவருக்குத்தான் நேரம் தேவைப்படுகிறது.

மறுநாள் ஏ.ஓ. அறிவித்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை கல்லூரி பஸ்ஸில் எல்லாரும் மலைக்கு வரவேண்டும். திங்கட்கிழமை தலையில் முடியோடு வருகிறவருக்குக் கல்லூரிமேல் கமிட்மென்ட் இல்லை என்று பொருள். கமிட்மென்ட் இல்லாதவர் வரவேண்டியதில்லை.

அப்போது என் தலை ஏற்கெனவே மொட்டை. என் மனைவிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கு முந்தின வாரம்தான் மலையில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். என் முடி, என் வேண்டுதல். ஏ.ஓ. என் தலையைப் பார்த்ததும் முதுகில் தட்டினார். "பாரு! சொல்றதுக்கு முன்னாடியே அடிச்சிகினு வந்துட்டான். இதாண்டா கமிட்மென்ட்டு" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நான் விளக்கம் சொல்லவில்லை. தானாக வரும் பாராட்டுக்கு விளக்கம் சொல்லக்கூடாது. திட்டுக்கும் அப்படித்தான்.

ஸ்டாஃப் ரூமில் அன்று கூச்சலாக இருந்தது. ஒருவருக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். "பொண்ணு வீட்டுக்காரங்க போட்டோல பார்த்த ஆளு எங்கன்னு கேப்பாங்களே" என்றார். தலையில் முன்பாதி வழுக்கையான கணக்கு சாருக்கு வேறு கவலை. "எனக்கு அரை கமிட்மென்ட்தான்னு சொல்லிடுவானா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், ஏசினார்கள், டீ குடித்தார்கள். ஒருவரும் எழுந்து ஏ.ஓ. அறைக்குப் போகவில்லை. காமர்ஸ் எச்.ஓ.டி. மட்டும் மறுநாளே பஸ் ஸ்டாண்டு சலூனில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தார். தாளாளர் அவரைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

சாமுவேல் சார் பிரின்சிபால் அறைக்கு வந்தது வெள்ளிக்கிழமை மதியம். நான் வாசலில் இருந்தேன்.

"மேடம், மலைமேல எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்ல. ஆடிக் கிருத்திகைக்கு காவடி வர்றவங்களுக்கு எங்க பசங்களோட நின்னு மோர் ஊத்தியிருக்கேன். ஆனா எங்க வீட்ல பாட்டன் காலத்துலருந்து சர்ச்சுக்குப் போறவங்க. நான் மொட்டையோட போய் நின்னா எங்கம்மா என்ன நினைப்பாங்க? எழுந்து உக்கார முடியாதவங்க. என் தலையத் தடவித்தான் நான் வந்துட்டேன்னு தெரிஞ்சுக்கறாங்க."



"ஞாயித்துக்கிழமை காலையில ஆராதனை இருக்குமே?" என்று அம்மா கேட்டார்.

"முடிச்சிட்டு வந்துடலாம். பஸ்ஸுல ஏறிக்கறேன். ஆனா மொட்டைக்கு உக்கார மாட்டேன் மேடம். வேலை போனா போவுது."

"பஸ்ஸு கிளம்பற நேரத்த நான் பாத்துக்கறேன். வந்து வரிசைல மட்டும் நில்லுங்க. உங்க இடம் ரெண்டாவது."

"ரெண்டாவதா? ஏன் மேடம்?"

"முதல் இடம் பி.டி. மாஸ்டருக்கு."

சாமுவேல் சார் ஒன்றும் புரியாமல் வெளியே வந்தார். எனக்கும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் மலை ஏறியது. முகூர்த்த நாள் இல்லை. அப்படியும் முடி காணிக்கை மண்டபத்தில் கூட்டம். குழந்தைகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தன. எங்கள் ஆட்கள் அழவில்லை, அவ்வளவுதான். தாளாளர் பட்டு வேட்டியில் வந்திருந்தார். ஏ.ஓ. போனைத் தூக்கிப் பிடித்து எங்களை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா சொல்லியிருந்தபடி வரிசையில் முதலில் பி.டி. மாஸ்டர். அவர் ஒரு காலத்தில் கபடி ஆடியவர். பிறகு கபடி போய் உடம்பு மட்டும் நின்றுவிட்டது. அவருக்குப் பின்னால் சாமுவேல் சார். கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

பி.டி. மாஸ்டர் உட்காரப்போனார். அம்மா தாளாளர் பக்கத்தில் போய் மெதுவாகப் பேசினார்.

"சார், முறை தப்பிடக் கூடாது. நம்ம வேண்டுதலாச்சே."

"இன்னாம்மா தப்பு?"

"பிள்ளைங்களுக்கு மொட்டைன்னா மாமன் மடியில உக்காரவச்சுத்தானே அடிப்போம்?"

"ஆங். ஆமா."

"ஸ்டாஃப் எல்லாம் உங்க பிள்ளைங்கன்னு சொல்லித்தானே வேண்டிக்கிட்டீங்க?"

"ஆமாம்மா."

"அப்ப மாமன்..."

அம்மா அதோடு நிறுத்திக்கொண்டார். தாளாளர் மெல்லத் திரும்பி மச்சானைப் பார்த்தார். சாமி விஷயத்தில் அவர் பயபக்தி உள்ளவர். அதில் பொய் கிடையாது. ஒரு நூல் பிசகினால் அவருக்குத் தூக்கம் வராது.

"வா இங்க. உக்காரு" என்றார்.

"இன்னா பாவா?"

"மாமன் மடி வேணும்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

ஏ.ஓ. சிரித்தார். தாளாளர் சிரிக்கவில்லை. ஏ.ஓ. சிரிப்பை நிறுத்தினார். "பாவா, இவங்கல்லாம் பிள்ளைங்களா பாவா? எரும மாடு கணக்கா..." என்று ஆரம்பித்தார்.

"சாமி சந்நிதில பேச்ச அடக்கிப் பேசு. வேண்டிக்கும்போது நான் பிள்ளைங்கன்னுதான் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். உக்காரு."

ஏ.ஓ. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பி.டி. மாஸ்டர் தயங்கினார். "ஏறுய்யா" என்றார் தாளாளர். மாஸ்டர் ஏ.ஓ. மடியில் இறங்கினார். ஏ.ஓ. முகம் மாஸ்டர் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோனது. "யம்மா" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

மொட்டை போடுகிறவர் கத்தியில் பிளேடு மாற்றிக்கொண்டு திரும்பினார். "கொயந்த எங்க?" என்றார்.

"இதான்."

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "காதும் குத்தணுமா சார்?"

பக்கத்தில் குழந்தையை வைத்திருந்த பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால் வரிசையில் அடுத்த ஆளாகிவிடுவோமோ என்ற பயம். மாஸ்டர் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். பாதி ஏ.ஓ. சட்டைக்குள் போனது. மாஸ்டருக்கு அடர்த்தியான முடி. நேரமானது. மாஸ்டர் கூச்சத்தில் நெளிந்தார். அவர் நெளிய நெளிய ஏ.ஓ. தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மந்திரம் இல்லை.

மாஸ்டர் எழுந்தார். ஏ.ஓ.வால் காலை நீட்ட முடியவில்லை. இரண்டு பேர் பிடித்து நீட்டினார்கள்.

"அடுத்தது யாரு?" என்றார் தாளாளர்.

சாமுவேல் சார் ஓர் அடி முன்னால் வந்தார். கட்டிய கையை அவிழ்த்தார்.

"ஐயா, நான் உக்கார மாட்டேன். எங்க வழக்கம் இல்ல. உங்க வேண்டுதலுக்கு நான் விரோதமும் இல்ல. இதுக்காக வேலைய விட்டுப் போகச் சொன்னா போயிடறேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. இத்தனை நாள் அந்த 'மாட்டேன்' அத்தனை பேர் வாயிலும் இருந்தது. வெளியே வந்தது அவர் ஒருவர் வாயிலிருந்துதான். வரிசையில் நின்றவர்கள் அவரைப் பார்க்கவில்லை. தாளாளரைப் பார்த்தார்கள்.

வழக்கமாக ஏ.ஓ. பாயவேண்டிய இடம் அது. அவர் தொடையைத் தேய்த்துக்கொண்டு, "வேணாம்னா விட்டுடு பாவா, பாவம்" என்றார். அவர் பாவம் என்றது யாரை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

தாளாளர் சாமுவேல் சாரைப் பார்த்தார். நீளமான வரிசையைப் பார்த்தார். மச்சான் காலைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. பிரின்சிபால் அம்மாவிடம் வந்தார்.

"மேடம், மனசில்லாதவன் முடிய சாமி வாங்கிக்குவாரா?"

"எனக்குத் தெரியாது சார்."

"வேண்டுதல் நின்னு போவக் கூடாதே."

"கூடாது சார்."

அம்மா கண்ணாடியைத் துடைத்தார்.  பக்கத்தில் ஒரு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது.

"பிள்ளைங்களுக்குப் பதிலா அப்பன் குடுத்தா?" என்றார் தாளாளர். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராகவேதான் கேட்டார்.

"அது முறைதான் சார்" என்றார் அம்மா.

"பாவா, சைனஸு" என்றார் ஏ.ஓ. தரையிலிருந்து.

"நீயும் தலைய நனைச்சிக்கோ" என்றார் தாளாளர்.

அவர் பட்டு வேட்டியோடு உட்கார்ந்தார். சாயம் பூசிய முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. எழுந்தபோது ஆள் சின்னதாகிவிட்டார். தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மறுபடி தடவினார். சிரித்தார். அடுத்து ஏ.ஓ. தலையும் மொட்டையானது. தாளாளர் ஒருவரையும் கூப்பிடாமல் தனியாகச் சந்நிதிக்குப் போனார். கிரேடு வந்தபோது கலங்கிய கண்ணைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தபோது கலங்கியிருந்தது வேறு கண். அதை நான் கேலியாக எழுத மாட்டேன்.

கேலிக்கு உரியவர்கள் பஸ்ஸில் இருந்தார்கள். இறங்கும்போது சாமுவேல் சார் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. அவரால் தப்பிய தலைகள் எல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தன. சில பேர் சீப்பு எடுத்து வாரிக்கொண்டார்கள். திங்கட்கிழமை அவர் இருக்க மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். போகிற ஆளோடு பேசியது ஏ.ஓ. கண்ணில் பட்டால் வம்பு. கடைசியில் பி.டி. மாஸ்டர் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"சார், நீங்க எனக்கு முன்னாடி நின்னிருந்தா என் முடி இருந்திருக்கும்" என்றார்.

"நான் ரெண்டாவதுதான் மாஸ்டர். மேடம் சொன்னது."

மாஸ்டர் முன் சீட்டில் இருந்த அம்மாவின் பின்னந்தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓகோ" என்றார். பிறகு சாமுவேல் சாருக்குப் பாதி வாழைப்பழம் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை. தாளாளர் தலையில் மப்ளர் சுற்றி வந்தார். கையில் மூக்கில் உறிஞ்சும் மருந்து. ஏ.ஓ. நொண்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் பிரின்சிபால் அறைக்குள் போனார்கள். கதவு சரியாக மூடவில்லை.

ஒரு ராத்திரி தூங்கி எழுந்ததும் ஏ.ஓ.வுக்குப் பாவம் எல்லாம் போய்விட்டிருந்தது. "அந்த கெமிஸ்ட்ரிய இன்னிக்கே அனுப்பிடணும் பாவா. அத்தன பேர் முன்னாடி உன்ன எதுத்துப் பேசிட்டான். இவன விட்டா நாளைக்கு எல்லாரும் பேசுவாங்க."

"அனுப்பலாம் சார்" என்றார் அம்மா. 

"ஆனா அறிவிச்சபடி செய்யணும். திங்கக்கிழமை முடியோட வர்றவருக்கு கமிட்மென்ட் இல்லன்னு ஏ.ஓ. சார் சொல்லியிருக்காரு. இன்னிக்கு மொட்டையோட இருக்கிறது நீங்க ரெண்டு பேரு, பி.டி. மாஸ்டர், அப்புறம் வாசல்ல இருக்கிறவரு. மத்த எல்லாரையும் அனுப்பிடணும்."

"காமர்ஸ் எச்.ஓ.டி.?" என்றார் தாளாளர். "அவருதான் மொதல்ல அடிச்சவரு."

"காலையில போன் பண்ணினாரு சார். திருப்பதில ஒரு காலேஜுல சேர்ந்துட்டாராம். இன்டர்வியூவுக்கு அங்க போனப்ப, மொட்டைத் தலையப் பாத்து சாமி தரிசனத்துக்குன்னு நினைச்சுக்கிட்டாங்களாம், வழியில யாரும் சந்தேகப்படலியாம். அதையும் சொல்லிச் சிரிச்சாரு."

உள்ளே மருந்து உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கெமிஸ்ட்ரிய பி.டி. மாஸ்டர் எடுக்க மாட்டாரு. வாசல்ல இருக்கிறவரைத்தான் கேக்கணும்" என்றார் அம்மா.

தாளாளர் கதவிடுக்கு வழியாக என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அந்த கெமிஸ்ட்ரி ஆளு இப்ப எங்க?"

"வகுப்புல இருக்காரு சார்."

"இன்னிக்கு வேலை போவும்னு தெரியுமில்ல அவருக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் பாடம் எடுத்துகினு கீறாரா?"

"ஆமா சார்."

தாளாளர் மருந்தை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார். "அவரு ஆர்டர எடு. நிரந்தரத்துக்கு வந்துச்சே, அத."

"பாவா!"

"நீ சும்மா இரு. என் மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொன்னது இந்தக் காலேஜுல அந்த ஒரு ஆளுதான். இனிமே அவரு சரின்னு சொன்னா நான் நம்பலாம். மத்தவங்க சொல்ற சரிய வச்சிகினு நான் இன்னா பண்றது?"

மில் நடத்தியவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் எழுதியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரிய நேரமாகும், அவ்வளவுதான்.

ஆர்டரை என்னிடம் கொடுத்தார்கள். மாடிக்கு எடுத்துப் போனேன். மணி அடிக்கிற வேலையும் என்னுடையதுதான், அதற்கும் நேரம் ஆகிவிட்டிருந்தது. கெமிஸ்ட்ரி வகுப்பு வாசலில் நின்றேன். சாமுவேல் சார் போர்டு நிறைய எழுதியிருந்தார். என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த கவரைப் பார்த்தார். ஒரு நொடி சாக்பீஸ் நின்றது. அது என்ன கவர் என்று அவர் நினைத்தாரோ, நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வகுப்பு நின்றிருக்கும்.

"மணி அடிக்கட்டும்ணா. முடிச்சிடறேன்" என்றார். போர்டு பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து எழுதினார். பின் பெஞ்சில் ஒரு பெண் சந்தேகம் கேட்டாள். பதில் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னார்.  

நான் கீழே போய் மணி அடித்திருக்கலாம். போகவில்லை. கல்லூரி முழுக்க எல்லா வகுப்பும் நடந்துகொண்டிருந்தது. ஏ.ஓ. வராந்தாவில் நொண்டிக்கொண்டு வந்தவர் நின்று கவனித்தார். நேரம் முடிந்தும் ஒரு வாத்தியார்கூட வெளியே வரவில்லை. "இப்பத்தான் பயம் வந்திருக்கு" என்று திருப்தியோடு போனார்.

அந்தப் பெண் புரிந்ததாகத் தலையாட்டினாள். சாமுவேல் சார் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கவரைப் பிரித்தார். படித்தார். இரண்டாம் முறை படித்தார். நாலாக மடித்து ஜேபியில் வைத்தார். 

"ஏண்ணா, இன்னும் மணி அடிக்கலியா?"

"நீங்க முடிக்கல சார்" என்றேன்.

பிறகு போய் அடித்தேன்.